பட்டாளத்துக் களம்

போலகத்துக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புக்கு முன்னால், பட்டாளம் கட்டிவிட்டுப் போன சிமென்ட் தளம் ஒன்று இருந்தது. ஹெலிகாப்டர் இறங்குவதற்காகக் கட்டியது. கட்டி முடித்த வருடம் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. இறங்கிய அதிகாரி இளநீர் குடித்தார், கடலைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். பிறகு எதுவும் வரவில்லை. முள்வேலி துருப்பிடித்து விழுந்தது. காவலுக்கு இருந்தவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை.

நெல் வந்தது.

தை மாதம் அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் ஊர் நெல் முழுவதும் ஈரமாக ஒரே சமயத்தில் வந்து குவியும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காய வைக்க இடம் வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தார்ச்சாலையில் பாதியை அடைத்துப் பரப்பிவிட்டு பஸ் டிரைவர்களிடம் திட்டு வாங்கினார்கள். போலகத்துக் கீழத்தெருவுக்குத் தளம் இருந்தது. வெயில், கடல் காற்று, சுத்தமான தரை. காலையில் பரப்பினால் மறுநாள் மாலை மூட்டை பிடிக்கலாம்.

தளத்தின் நடுவே பெரிய ஹெச் எழுத்து வரைந்திருந்தது. பங்கு பிரிக்க அது வசதியாகிவிட்டது. இடது காலுக்கு அந்தப் பக்கம் குஞ்சிதபாதம். வலது காலுக்கு இந்தப் பக்கம் காசியம்மா. மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் மற்ற வீடுகளுக்கு, முறை வைத்து. குறுக்குக் கோட்டில் நடந்து போகலாம், பரப்பக் கூடாது. வெள்ளை மங்கினால் ஊரே சுண்ணாம்பு அடித்துப் புதுப்பித்தது.

குஞ்சிதபாதத்தை யாரும் தளத்துக்குப் பொறுப்பாக நியமிக்கவில்லை. அவராகவே ஆனார். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம் வைத்திருந்த மனிதர். தளத்தின் விளிம்புக்கு வெளியே செருப்பைக் கழற்றுவார். மற்றவர்களையும் கழற்ற வைப்பார். விரிசல் கண்டால் நெரவியிலிருந்து கொத்தனாரைக் கூட்டி வந்து, தானும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூட நின்று பூசுவார். அவருடைய வீட்டுத் தரை பெயர்ந்து கிடந்தது. அதைப் பற்றி மனைவி திரிபுரசுந்தரி கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

செய்தியைக் கொண்டு வந்தவன் தியாகராசன். குஞ்சிதபாதத்தின் அக்கா மகன். கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை. கடலோரத்தில் தனக்கு இருக்கும் பழைய இடங்களைப் பட்டாளம் கழித்துக்கட்டுகிறது என்றான். வடக்கே திருவேட்டக்குடிப் பக்கம் இருந்த கண்காணிப்புக் கூண்டைப் போன மாதம் வந்து பார்த்தார்கள். கூரை ஒழுகியது. வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள். மீனவர்கள் இப்போது அதில் வலை போட்டு வைக்கிறார்கள். அடுத்து காரைக்கால் பக்கம் ஒரு கிடங்கு. அது ஒழுகவில்லை. புதுப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது போலகத்துத் தளம். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டாம் என்றால் கொம்யூன் வாங்கிக்கொண்டு நெல் காய வைக்கும் களமாக ஊருக்கே எழுதிக் கொடுத்துவிடும். பேசியாகிவிட்டது.

“நல்லா இருந்தா அவங்களுக்கு, மாமா. பாழாப் போயிருந்தா நமக்கு. அவ்வளவுதான்.”

எல்லாரும் தளத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் கூட்டி விட்டிருந்தது. கீழத்தெருவில் எந்த வீட்டுக் கூடமும் அவ்வளவு நன்றாக இல்லை.

மறுபடி வேலி கட்டிப் பூட்டுப் போட்டால் சாலைதான் கதி என்பது எல்லாருக்கும் தெரியும். தளம் நெல்லுக்கு வருவதற்கு முன்பு ஒரு வருடம் காசியம்மா சாலையில் காய வைத்த நெல்மேல் மணல் லாரி ஏறியது. கல்லும் குருணையுமாக அள்ளி வந்தாள். அந்த வருடம் அவள் கோழிகள் மட்டும் நன்றாக இருந்தன. இந்தத் தையில் இன்னும் அறுவடை ஆரம்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மெஷின் வரச் சொல்லியிருந்தது.

காசியம்மா வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தாள். ஒரு மூலையில் நாலு போடு போட்டால் போதும், அவர்கள் போன பிறகு பூசிக்கொள்ளலாம் என்றாள். யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது குஞ்சிதபாதம் கையை நீட்டினார். தளத்தில் வேறொருவர் கடப்பாரை வைப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தானே செய்கிறேன் என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கேட்டதற்கு வெளிச்சம் பத்தவில்லை என்றார். அடுத்த நாளும் போனார். கடப்பாரை முனை மழுங்கியிருக்கிறதாம். அதற்கடுத்த நாள் திரிபுரசுந்தரி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அவர் குந்தி உட்கார்ந்து, அதே முனையால், விளிம்பில் முளைத்திருந்த அருகம்புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“உடைக்கத்தான் வந்தேன்,” என்றார்.

“தெரியுது.”

அவள் கடப்பாரையை வாங்கிக்கொண்டு வந்து காசியம்மாவிடம் கொடுத்தாள். உடைப்பது நடக்காது, மறைத்துவிடுவோம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை பூராவும் வேலை நடந்தது. கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து கொட்டினார்கள். மேலே பதர் தூவினார்கள். சாணியை அங்கங்கே தட்டினார்கள். ஹெச் எழுத்தின்மேல் முள் வெட்டிப் போட்டார்கள். காசியம்மா தன் ஆடுகளைக் கொண்டுவந்து கட்டினாள். ஆடுகள் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டன. குஞ்சிதபாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திரிபுரசுந்தரி அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். பாக்கும் வெற்றிலையுமாகப் பெரிய மடிப்பு. அதை வாயில் அடக்கினால் அவரால் பேச முடியாது. அதற்காகத்தான் கொடுத்தாள். அவருக்கும் அது தெரியும். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஜீப் வந்தது. ஒரு மேஜரும் பிரதீபா என்கிற இன்ஜினியர் பெண்ணும் இறங்கினார்கள். மேஜருக்கு இந்திதான் தெரியும். அவர் தோப்பு நிழலுக்குப் போய் போனில் பேச ஆரம்பித்தார். பிரதீபா கையில் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையுடன் தளத்தில் ஏறினாள். செருப்போடு ஏறினாள். குஞ்சிதபாதத்தின் தாடை நின்றது. திரிபுரசுந்தரி அவரைப் பார்த்தாள். தாடை மறுபடி அசைந்தது.

பிரதீபா ஆடுகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். காலால் மணலை ஒதுக்கிப் பார்த்தாள். சாணியை மிதித்து, காலை மணலில் தேய்த்தாள். ரொம்ப நாளாக யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறதே என்றாள். ஆமாம், யார் கவனிக்கிறது என்று தியாகராசன் வருத்தமாகச் சொன்னான். குழந்தை குட்டிகள் காலில் முள் குத்துகிறது என்று காசியம்மா சேர்த்துக்கொண்டாள்.

விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு தெரிந்தது. பிரதீபா குனிந்து விரலால் தட்டினாள். யாரோ மேலே பூசியிருக்கிறார்கள், கைவேலை சுமார்தான் என்றாள். குஞ்சிதபாதத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மூடியே இருந்தது. இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிரதீபா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

“மழை பெஞ்சா நடுவுல தண்ணி நிக்கும்போல.”

குஞ்சிதபாதம் தளத்தை விட்டு இறங்கினார். விழுந்து கிடந்த வேலியைத் தாண்டி, புல்லில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

“எங்க நிக்கும்?” என்றார்.

திரிபுரசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் முள்ளை இழுத்து எறிந்தார். ஆடுகளை அவிழ்த்து விரட்டினார். துடைப்பம் வாங்கி நடுவிலிருந்து கூட்ட ஆரம்பித்தார். பதரும் மணலும் பறந்தன. பிரதீபா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஹெச் எழுத்து வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. பிறகு அவர் அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து, குறுக்குக் கோட்டின் நடுவே நின்று, மெதுவாக ஊற்றினார்.

தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நாலு பக்கமும் பிரிந்து ஓடி விளிம்பில் வழிந்தது.

“இப்ப சொல்லும்மா. எங்க நிக்குது?”

காசியம்மா தன் ஆடுகள் போன திசையைப் பார்த்தாள். நாளைக்கு மெஷின் வரும், நெல்லை உன் தலையில் கொட்டட்டுமா என்று அவரிடம் சாதாரணமாகக் கேட்டாள். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

பிரதீபா ரசமட்டக் கட்டையைத் தரையில் வைத்தாள். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. வேறு இடத்தில் வைத்தாள். குமிழி மறுபக்கம் ஓடியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

நடு எவ்வளவு உயரம் என்று கேட்டாள். ஒரு சாண் என்றார் குஞ்சிதபாதம். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. முன்பு தட்டையாகத்தான் இருந்தது, ஒரு தையில் மழை பிடித்து நடுவில் தண்ணீர் தேங்கிப் பரப்பின நெல்லெல்லாம் முளைத்துவிட்டது, களம் என்றால் நடு ஏறித்தான் இருக்க வேண்டும், பட்டாளத்துக்கு அது தெரியவில்லை, ஆகவே அடுத்த கோடையில் நானும் கொத்தனாரும் செங்கல் ஜல்லி போட்டு ஏற்றிப் பூசினோம் என்று விவரமாகச் சொன்னார். விளிம்பில் நீங்கள் தட்டினீர்களே, அதுவும் நான் பூசியதுதான், பூசும்போது கொஞ்சம் வெயில் அதிகமாகிவிட்டது என்றார்.

தியாகராசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிரதீபா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

“ஐயா, இதுல ஹெலிகாப்டர் எறங்கினா ஒரு பக்கமா சாஞ்சு விழும்.”

“நெல்லு விழாது,” என்றார் குஞ்சிதபாதம்.

திரிபுரசுந்தரி கண்ணைத் திறந்தாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. தியாகராசனைப் பார்த்தாள். அவன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

மேஜர் போனை முடித்துவிட்டுத் தளத்துக்கு வந்தார். ரசமட்டக் கட்டையைப் பார்த்தார், குமிழியைப் பார்த்தார். பூட்ஸ் காலால் நடுவில் நின்று ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

பிரதீபா எழுந்தாள். அவளும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். குஞ்சிதபாதத்தைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“சார் கேக்கறார், இந்த மேட்டைப் போட்டது யாருன்னு. யாராவது போட்டிருந்தா, அவங்களே வெட்டி எடுத்து, பழையபடி மட்டமாக்கித் தரணும். அப்புறம் பூட்டிருவாங்க. கடலோர மண்ணுங்கிறதால தானா உப்பி மேடாயிருந்தா, தளம் பாழ்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நீங்க முன்னாடி சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. யோசிச்சு சொல்லுங்க.”

எல்லாரும் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். ஊற்றிய தண்ணீர் அதற்குள் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் நடுவில் முதலில் மறைந்து, வட்டமாக விளிம்பை நோக்கிப் போனது. எந்த இடத்திலும் ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

திரிபுரசுந்தரி பக்கத்தில் வந்து நின்றாள். எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மண்ணுதான்,” என்றார் கடைசியில். வாயில் வெற்றிலை இல்லாதபோதும் இருப்பது போலத்தான் சொன்னார்.

பிரதீபா மேஜரிடம் சொன்னாள். மேஜர் தலையசைத்தார். கடலைப் பார்த்தார். தியாகராசன் இளநீர் வெட்டச் சொல்ல ஓடினான். பிரதீபா கட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கப் போனாள். குஞ்சிதபாதம் அவளைக் கூப்பிட்டார்.

“தானா வந்ததுதாம்மா. ஆனா நல்லா வந்திருக்கு. அதையும் எழுதிக்கோ.”

அதை எழுத வேண்டாம் என்று திரிபுரசுந்தரி கேட்டுக்கொண்டாள்.