உப்புப் பூத்த பாம்பு

1942-ஆம் வருஷம் தை மாதம் மேலகரத்து நல்லபாம்புகள் அத்தனையும் ஊரைக் காலி செய்துகொண்டு பக்கத்து ஊரான இலஞ்சிக்குப் போய்விட்டன. பட்டப்பகலில், வாய்க்கால் வரப்பு வழியாக, குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு போயின. இலஞ்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தப்பு பால்வண்ணநாத பிள்ளையுடையது. மார்கழியில் அவருடைய தம்பி பெண்டாட்டி முத்துவடிவு வீட்டில் ஒரு பாம்பு புகுந்து, நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் தங்கிவிட்டது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் வெள்ளியில் அதே மாதிரி உரு அடித்துச் சங்கரன்கோவில் உண்டியலில் போடுவார்கள். போட்டால் அது தன் இடத்துக்குத் திரும்பிவிடும். தனியாக இருக்கும் பெண்ணின் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பது முறையல்ல என்று வாசலிலேயே நின்ற பிள்ளை, "பாம்புன்னா நல்லபாம்புதான், வேற என்ன?" என்று படமெடுத்த உரு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். ஊர்ப் பாம்புகள் கிளம்பின. குலுக்கைப் பாம்பு அசையவில்லை. அப்படியானால் சாரைதான் என்று அடுத்த உருவைப் போட்டார். சாரைகளும் போய்விட, எலிகள் களத்து நெல்லில் பாதியைத் தின்றன. இனி ஒரு உருவும் போடக்கூடாது என்று ஊர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தது.

உள்ளபடியே அது இன்ன பாம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. செம்புத் தலை. கண்ணிலிருந்து மூன்று கறுப்புக் கோடுகள் வெயில் கதிர்போலப் பிரிந்து ஓடின. மலைக்காட்டில் ஐந்து தலைமுறை பாம்பு பிடித்த குடும்பத்து மாடசாமி பார்த்துவிட்டு, "இது நம்ம மலைச் சரக்கு இல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பாம்பு படுத்த இடத்தில் தினமும் காலையில் உப்புப் பூத்திருக்கும். முத்துவடிவு அதைக் கூட்டி வழித்துக் குழம்புக்குப் போட்டாள். பயமே வரவில்லை, அதுதான் அவளுக்கே அதிசயம். வீட்டில் இன்னொரு உயிர் மூச்சு விட்டு எத்தனை காலம் ஆயிற்று! அவள் புருஷன் வல்லிநாயகம் ரங்கூன் மரப்பேட்டையில் கணக்குப்பிள்ளை. கடுதாசி நின்று இரண்டு வருஷம். அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டு மிச்சத்தை மாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவளை, "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டாளு அரிசி?" என்று பிள்ளை கேட்டதிலிருந்து ஒரு ஆளுக்குத்தான் வடித்தாள்.

ஆடிச் சாரலில் தென்காசி கிதிர் முகம்மது வந்தார். வல்லிநாயகத்தோடு ஒரே அறையில் இருந்தவர். பர்மாவிலிருந்து காடு மலை எல்லாம் நடந்து வந்ததில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் தண்ணீர் கொடுப்பதற்குள் பாம்பு வெளியே வந்து அவருடைய பாதத்தின் மேல் தலையை வைத்தது. அவர் அழுதுவிட்டார்.

"ஏ தங்கச்சி, இது இங்கனயா கெடக்கு! எங்க ரூம்பு உத்தரத்துல இருந்ததுல்லா. ரங்கூன் வீடுகள்ல எலி பிடிக்க வரும், ஒண்ணும் செய்யாது. ஒன் வீட்டுக்காரரு இதுக்கு முட்டை வாங்கி வைப்பாரு. சைவப் பிள்ளைல்லா, துணியச் சுத்திதான் முட்டையத் தொடுவாரு. ஒனக்கு எழுத வேண்டியதெல்லாம் இதுகிட்டச் சொல்லிருவாரு. அதாம் கடுதாசி நின்னுபோச்சு."

"அவுக எங்க அண்ணாச்சி?"

"குண்டு விழுந்த அன்னைக்கு இதக் காணோம். நாங்க நடக்கக் கெளம்புதோம், அவரு வரமாட்டேங்காரு. 'நீங்க முன்னால போங்க, நான் அதத் தேடிக் கூட்டிக்கிட்டு வாரேன்'னு நின்னுட்டாரு."

முத்துவடிவு பாம்பைப் பார்த்தாள். சொன்னதையெல்லாம் சுமந்துகொண்டு கடலை நீந்தி வந்திருக்கிறது, வாய்தான் இல்லை. அவன் அங்கே எரிந்த ஊரில் இதைத் தேடிக்கொண்டு நிற்கிறான். இது இங்கே இருக்கிற வரைக்கும் அவன் வரமாட்டான். அவனிடமிருந்து வந்து சேர்ந்த ஒரே பொருள் இதுதான், இதையும் அனுப்ப வேண்டுமா?

மறுவாரம் ஒரு கால் மெட்டியைக் கழற்றித் தட்டாரிடம் கொடுத்தாள். வெள்ளி உருவில் மூன்று கோடும் சரியாக விழும்வரை கிதிர் முகம்மது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புருஷன் செத்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள் என ஊர்ப் பெண்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். சங்கரன்கோவில் உண்டியலுக்கு மேலே நீட்டிய கை திறக்கவே மாட்டேன் என்றது. பின்னால் நின்ற கூட்டம் இடித்துத் தள்ளியபோதுதான் திறந்தது. "போயி அவுகளக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் குலுக்கைக்குப் பின்னால் பாம்பு உரித்த சட்டை மட்டும் கிடந்தது.

அந்தச் சட்டையில் பாம்பு போகிற இடத்து வாசமெல்லாம் அடித்தது. ஒரு மாதம் கடல் வாசம். பிறகு தேக்குத்தூள், கரிந்த மரம், ரங்கூன் கருவாடு. யுத்தம் முடிகிற வரைக்கும் அந்தக் கருவாட்டு வாசத்தில்தான் அந்தச் சைவ வீடு இருந்தது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவார். முத்துவடிவு தினமும் எழுந்ததும் சட்டையை மோந்து பார்ப்பாள். வாசம் மாறாத நாளெல்லாம் அவளுக்கு நீளமான நாள். 1946 வைகாசியில் மறுபடியும் கடல் வாசம் வந்தது, அப்புறம் கப்பல் எண்ணெய். ஆனி மாதம் சாரல் இறங்கிய ஒரு காலையில் சட்டையில் தென்காசி ரயிலடியின் கரிப்புகை அடித்தது. அவள் இரண்டு ஆளுக்கு அரிசி களைந்து உலையில் போட்டாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு முட்டை கேட்டு வாங்கி வருவதற்காகக் கிதிர் முகம்மது வீட்டுக்குக் கிளம்பினாள்.