வலது கரை மலை

அச்சகத்திலிருந்து வந்த தன் படத்தின் முதல் பிரதியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் சைலஸ் டன்னிக். ஹார்ஸ்டெய்ல் ஏரியின் இடது கரையில் நிற்க வேண்டிய மலை, வலது கரையில் ஜம்மென்று நின்றது.

படம் அச்சடிக்கத் தகட்டில் வெட்டுவது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். லண்டனில் உளி பிடித்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. அரை ஆயுளாக மற்றவர்களின் ஓவியங்களை முதலில் மாற்றி வரைந்துகொண்டு, அப்புறமே வெட்டியவர் சைலஸ். படத்தின் கீழே இடது மூலையில் ஓவியரின் பெயர், வலது மூலையில் பொடி எழுத்தில் இவர் பெயர். அவர்களுக்குப் பதக்கமும் விருந்தும், இவருக்குக் கண்ணெரிச்சல். இந்த ஒரு படத்தில்தான் இரண்டு மூலையிலும் அவர் பெயர். மழையில் நனைந்து அவரே வரைந்த ஏரி. மனப்பாடமாயிற்றே என்ற திமிரில் மாற்றி வரையாமல் நேரே எஃகுத் தகட்டில் வெட்ட இறங்கிவிட்டார். பாழாய்ப்போன திமிர்!

பதிப்பாளர் கிரிம்ஷாவிடம் ஓடினார். கூலியே வேண்டாம், புதுத்தகடு வெட்டித் தருகிறேன் என்று கெஞ்சினார். கிரிம்ஷா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"யாருய்யா பார்க்கப்போறா? ஏரி ஏரியாத்தானே இருக்கு?"

ஏரிப் படத்தோடு புத்தகம் கடைக்கு வந்தது. மானம் கப்பலேறப் போகிறதென்று சைலஸ் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தார். பத்திரிகையில் மதிப்புரை வந்தது. டன்னிக்கின் ஏரி இயற்கையிலிருந்து இம்மியும் பிசகவில்லையாம். வாசித்துக் காட்டிய மனைவி ஹெஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"அதான் புகழ்ந்துட்டாங்களே, இன்னும் ஏங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஒருத்தன்கூடப் பார்க்கலடி. இத்தனை வருஷமும் எவனும் பார்த்ததில்லன்னுதானே அர்த்தம்?"



கோடையில் வண்டியேறி ஏரிக்கே போனார். படத்தையும் ஏரியையும் சேர்த்துப் பார்க்கிறவர் ஒருவராவது கேட்காமலா போவார்? திட்டட்டும். காறித் துப்பட்டும். பார்த்துவிட்டுத் துப்பினால் போதும்.

கரையில் ஒரு சீமாட்டி, புத்தகத்தில் அவர் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தங்கையோடு நின்றிருந்தாள். சைலஸ் தண்ணீரோரமாக நெருங்கிப் போய் நின்றார். அவளோ ஏரிக்கும் அவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, பையிலிருந்து முகம் பார்க்கிற மாதிரிக் கையடக்கமான கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டிப் பிடித்தாள். நாகரிகம் தெரிந்த சீமான் வீட்டார் ஏரி பார்ப்பது அப்படித்தான், கண்ணாடியில் விழும் பிம்பமாக. கண்ணாடிக்குள் இடம் வலம் மாறி, மலை வலது கரையில் நின்றது.

"அச்சு அசலா அப்படியே இருக்குடி," என்றாள் தங்கையிடம். "வரைஞ்சவருக்குக் கண்ணுன்னா அதுதான் கண்ணு."

சைலஸ் வாயைத் திறந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏரி மறைக்குது," என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் நகரவில்லை. அவள் கண்ணாடியைச் சற்றே சாய்த்தாள். தண்ணீர், மலை, வானம். அதில் அவர் இல்லை.