கருத்துக் கடை

காலையில் பல் துலக்கியதும் எனக்கு ஒரு சிந்தனை வந்துவிடும். வராவிட்டாலும் வரவழைத்துவிடுவேன். வாழ்க்கை, நேர்மை, படைப்பாற்றல் என்று எதைப் பற்றியாவது நாலு வரி எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால்தான் எனக்குக் காப்பி இறங்கும். "கடை தெறந்தாச்சா?" என்பாள் மனைவி. பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் டைல்ஸ் கடையில் மேலாளர். ஒருமுறை லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு பெட்டி டைல்ஸ் நொறுங்கிப்போனது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஓரமாகப் போய், 'உடைந்தது வீணல்ல. இன்னோர் அழகுக்குக் காத்திருக்கிறது' என்று எழுதிப் போட்டேன். மகளின் மாமியாரே கைகூப்பும் படம் அனுப்பினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு விஷயங்களையும் விட்டுவைத்ததில்லை. போன மாதம் மகள் கார் ஓட்டும் தேர்வில் தோற்றுவிட்டு அம்மாவிடம் போனில் அழுதாள். மறுநாள் காலை, 'விழுந்தவள் என் மகள். எழப்போகிறவளும் அவளே' என்று போட்டேன். குழுவில் பூங்கொத்தாக வந்து குவிந்தது. மகள் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அவள் பெரிய பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை கூட வரவில்லை.

"என்னம்மா திடீர்னு?"

"சும்மாதாம்பா."

சும்மா வருகிறவளின் பெட்டி அவ்வளவு கனக்காது. அதை உள்ளே தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்குத் தோள் இறங்கிவிட்டது. என்ன ஆனதோ என்று கேட்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எழுதுவது ஒன்றுதான்.

இன்று காலை எழுதினேன்: 'மனம் விட்டுப் பேச ஓர் இடம் இருந்தால், அதற்குப் பெயர்தான் வீடு.' படித்தால் மனம் இளகி அவளே வந்து சொல்லிவிடுவாள் என்று ஒரு கணக்கு. குழுவில் போட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. நாளைக்குக் காலையில கருத்தா வந்துரும். நான் டெஸ்ட்ல ஃபெயிலானது மாமியார் வீட்டுல யாருக்குமே தெரியாது. அப்பா போட்டுத்தான் தெரிஞ்சுது. சாப்பிடுறப்ப எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. யாரோ பூ அனுப்பிவிட்டார்கள்.

மகள் கதவைத் திறந்தாள். "கேட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். நேர்மையைப் பற்றி எத்தனை காலை எழுதியிருப்பேன்! போன் மறுபடியும் 'டிங்' என்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மனைவி கையை நீட்டினாள். கொடுத்தேன். போனைக் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"கேட்டேம்மா, எல்லாத்தையும் கேட்டேன்" என்றேன். "அசிங்கமா இருக்கு."

மகள் கதவை விட்டு விலகி எனக்கு வழிவிட்டாள். "நான் இனிமே அங்க போகப்போறதில்லப்பா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். அதற்குள், உடைந்தது வீணல்ல என்று என் மண்டைக்குள் அந்த வரி எழுந்து நின்றது. கூடவே அதைவிட நல்லதாக இன்னொன்றும்.

"இப்ப ஏதோ தோணுச்சுல்ல?" என்றாள் மகள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா."

"சொல்லாதீங்க."

"சொல்லல."

மனைவி எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். முதல்முறை எப்போது கதவைச் சாத்திவிட்டு அவளைப் பார்த்துக் கத்தினார்கள் என்பதிலிருந்து மகள் ஆரம்பித்தாள். அவள் குரல் உடைந்த இடத்தில், இழுப்பறைக்குள் போன் அதிர்ந்து கரண்டிகள் கிணுகிணுத்தன. என் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

அதையும் அவள் பார்த்துவிட்டாள். பார்த்தும் நிறுத்தாமல், எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.