எல்லாம் பச்சை

தங்கையின் குழந்தை ஆஸ்பத்திரியில் சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். அவசரக்குடுக்கை, நாள் வருமுன்பே வந்துவிட்டாள். பெட்டியின் அடியில் எங்கள் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது எங்க மிஷின்டி. அக்கா நானே டெஸ்ட் பண்ணினது. நீ கவலைப்படாம தூங்கு," என்றேன்.

பிரசவம் ஆனதிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பெட்டியின் பக்கத்துத் துளை வழியே கையை விட்டுக் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இந்தப் பெட்டிகளின் மென்பொருளைச் சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. கட்டளைகளை எழுதி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் தானாகச் சோதித்து, பாஸானால் பச்சை, ஃபெயிலானால் சிவப்பு காட்டும். சிக்கல் என்னவென்றால் கட்டளைகளைப் படித்துச் செய்யும் ஷெல் என் லேப்டாப்பில் வேறு, பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரின் ஷெல் வேறு. இதற்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது. இரண்டிலும் ஓடுகிற மாதிரி கட்டளைகளை ஃபங்ஷனாகக் கட்டி எழுதுவதில் நான் கில்லாடி என்று ஆபீஸில் பேர். நானும் அதை மறுத்ததில்லை.

போன் அடித்தது. எங்கள் குழுவின் தாடிக்காரன். எதற்கும் பதறாத ஆள், குரல் பதறியது.

"புது வெர்ஷன்ல சென்சாரைக் கழட்டிப் பார்த்தேன். அலாரம் அடிக்கல. செத்துக் கிடக்கு. ஆனா உங்க டெஸ்ட் பச்சைன்னு சொல்லுது."

"இருக்காதே. சிவப்புல்ல வரணும்."

"ஆபீஸ் லேப்டாப்ல ஓட்டினா சிவப்பு. பெட்டியில ஓட்டினா பச்சை."

குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கும், சூட்டை அளக்கும் சென்சார் கழன்றால், குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டி சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். அலாரம் அடித்தால்தான் ஆள் ஓடிவரும்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. சோதனையின் முடிவுகளையெல்லாம் ஃபைலில் சேமிக்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். அதற்காகச் சோதனைக்குப் பின்னால் சேமிக்கிற கட்டளை ஒன்றைக் கோத்துவிட்டிருந்தேன். அப்படிக் கோத்தால் ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் சொல்லும். பரீட்சை எழுதியவனை விட்டுவிட்டு, விடைத்தாளைச் சுமந்துபோனவனிடம் பாஸா என்று கேட்கிற கதை. முதல் கட்டளை தோற்றாலும் காட்டிக்கொடுக்க ஒரு வசதி உண்டு. அது என் லேப்டாப்புக்குத் தெரியும். பெட்டியின் ஷெல்லுக்குத் தெரியாது, அது பிழை என்று கத்தியது. அதன் வாயை அடைக்க நானே ஒரு வரி சேர்த்தேன்: தெரிந்தால் செய், தெரியாவிட்டால் சத்தம் போடாமல் மேலே போ.

அது சத்தம் போடாமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் எழுதியதை நம்பிப் புது வெர்ஷனை ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

லேப்டாப்பைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நர்ஸ் குறுக்கே வந்தார்.

"கை கழுவாம எங்க போறீங்க?"

"சிஸ்டர், அந்தப் பெட்டி... அலாரம் அடிக்காது. சென்சாரைப் பாருங்க."

"பெட்டி நல்லாத்தாங்க ஓடுது. பச்சை லைட் எரியுது பாருங்க."

"அதை நம்பாதீங்க. நான்தான் அதை டெஸ்ட் பண்ணினேன். தப்பாப் பண்ணியிருக்கேன்." பெட்டியின் பக்கம் கையைக் காட்டினேன். "உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

பைத்தியமோ என்று பார்த்தார். ஆனாலும் போனார். துளை வழியே கையை விட்டவர் முகம் மாறியது. ஈரத்தில் பிளாஸ்திரி விட்டுப்போய், சென்சார் துணியின் மேல் அநாதையாகக் கிடந்தது. குழந்தை செக்கச்செவேல் என்று இருந்தாள். அழவில்லை. பெட்டியும் அழவில்லை.

நர்ஸ் சூட்டை அணைத்து, பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, டாக்டரைக் கூப்பிட்டார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அழித்தேன். அதற்குள் இரண்டு முறை தப்பான வரியை அழித்திருந்தேன். சோதனையின் முடிவை முதலில் தனியாக எடுத்துவைத்து, பிறகு ஃபைலில் எழுதும்படி ஃபங்ஷனை மாற்றித் தாடிக்காரனுக்கு அனுப்பினேன். பெட்டியில் ஓட்டிவிட்டுச் சொன்னான்.

"சிவப்பு வந்துடுச்சு."

"மேனேஜர்கிட்ட சொல்லு. எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே போன் பண்ணணும். என் தப்புன்னே சொல்லு."

டாக்டர் வெளியே வந்தார். "காய்ச்சல் மாதிரி ஏறியிருந்தது, இறங்குது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்," என்றார்.

உள்ளே போனபோது தங்கை விழித்திருந்தாள். குழந்தையை வெறும் மார்பில் போட்டு, முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"தப்பு என்னோடதுதான்டி," என்றேன்.

அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீ சொன்னதாலதான்க்கா தூங்கினேன்," என்றாள். "இல்லேன்னா நானே தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்."