மினுங்குகிற சவர்க்காரப் பெட்டி

செசிலி ஜெமீலின் சைக்கிள் கடைக்கு வந்த நேரம் மத்தியான லுஹர் தொழுகைக்காகக் கடைவீதி பாதி மூடிக் கிடந்தது. போன வருடக் கலவரத்திலிருந்து தமிழ்ப் பக்கத்து ஆட்கள் இந்த முஸ்லிம் பக்கம் வருவதில்லை, இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே போவதுமில்லை. அவள் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தாள். வியர்வையில் முகம் பளபளத்தது. ஜெமீலுக்கு அவளை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது.

"காக்கா, அவரப் புடிச்சுக்கொண்டு போயிட்டாங்க," என்றாள். "அந்தச் சவர்க்காரப் பெட்டியும் அவங்கட கையிலதான்."

எந்தப் பெட்டி என்று ஜெமீல் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. 

அறுபதுகளின் கடைசியில் அவனும் செசிலியின் புருஷன் கிறிஸ்ரோபரும் ஊர்த் தியேட்டரின் மலிவு டிக்கெட்டுக் கலரியிலேயே வளர்ந்தவர்கள். வேறு எந்தப் படத்தையும் விட அவர்களுக்குப் பிடித்தவை உளவாளிகளைக் கிண்டல் பண்ணுகிற படங்கள். ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட துப்பறிவாளன். அலுமாரியைத் தட்டினால் சுழல்கிற சுவர். சிகரெட் லைற்றருக்குள் கமரா. வில்லனின் குகையில் பல்புகள் காரணமில்லாமல் மினுங்கும். யாராவது பாறையில் சாய்ந்தால் பாறை ஆடும், ஏனென்றால் அது வெறும் காகித மட்டை. மட்டை என்று கலரிக்குத் தெரியும், நடிப்பவனுக்கும் தெரியும், அதில்தான் சந்தோசம். அந்தப் படங்களில் யாரும் சாவதில்லை. செத்தவன் அடுத்த காட்சியில் வேறொரு தொப்பியோடு வருவான்.

பிறகு இருவருமாக அதே மாதிரி ஒரு நாடகம் போட்டார்கள். ஜெமீல்தான் ஏஜன்ட் பத்தரை. கிறிஸ்ரோபர் டொக்டர் கருவாடு: ஒற்றைக்கண் மறைப்போடு வருகிற வில்லன், கடலை வற்ற வைத்து உலகத்து மீனையெல்லாம் ஒரே நாளில் கருவாடாக்கத் திட்டம் போட்டவன். அவனுடைய மிசின்தான் சோப்புக் கட்டி வைக்கிற அந்தச் சவர்க்காரப் பெட்டி. உள்ளே டோர்ச் பல்பு, மேலே ஏரியலாகக் குடைக்கம்பி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளாக இருந்த கிறிஸ்ரோபர் கையால் செய்தது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை அதைக் கொண்டு திரிந்தார்கள். டொக்டர் கருவாடு சிரிக்கத் தொடங்கினால் பெண்கள் பகுதியில் பிள்ளைகள் அழும், அழுகிற பிள்ளையைப் பார்த்துத் தாய்மார் சிரிப்பார்கள்.

அன்று காலையில் தமிழ்ப் பக்கத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு. அலுமாரிக்கடியில் பெட்டியைக் கண்டார்கள். சுவிச்சை அமத்தினார்கள், அது மினுங்கியது; குண்டு வெடிக்க வைக்கிற மிசின் என்றார்கள்.

"பழைய நாடகச் சாமான் எண்டு அவர் எவ்வளவோ சொன்னார். பழசெண்டா ஏன் புதுப் பற்றரி எண்டு கேட்டாங்க." செசிலி தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் புதுசு போடுவார், காக்கா. புள்ளைகளுக்கு மினுக்கிக் காட்ட."

ஜெமீலுக்கு இது தெரியாது. தன் ஏஜன்ட் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் அவன் கட்டிப் பரணில் எறிந்து எலிகளுக்குக் கொடுத்திருந்தான். அந்த மடையன் இத்தனை வருசமாகப் பெட்டியைச் சாக விடவில்லை.

ஜெமீலின் மனைவி றாஹிலா கடைக்குப் பின்னால் வீட்டு அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆமி முகாமில் காட்ட நாடகத் தொப்பியைத் தேடிப் பரணில் அவன் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை செசிலியில் தனக்கு இரக்கம் இல்லாமலில்லை, ஆனால் அங்கே போனால் அவனையும் கூட்டாளி என்று பிடிப்பார்கள் என்றாள். "புடிச்சு வெச்சா நானும் புள்ளைகளும் எங்க போற? சிரிக்கிற காலமா இது?"

 தொப்பி கிடைத்தது. ஒரு பக்கம் எலி கடித்திருந்தது.

முகாம் ஒரு பழைய நெல் ஆலையில் இருந்தது. அதிகாரிக்கு ஜெமீலின் வயதுதான் இருக்கும். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசினார். மேசையில் பெட்டி இருந்தது. ஜெமீல் சொன்னதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டார். முடிந்ததும், கிறிஸ்ரோபரைக் கொண்டுவரச் சொன்னார்.

"நாடகம் எண்டு சொல்ற. செய்."

கிறிஸ்ரோபரை இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. இடப்பக்க விலாவைக் கையால் பொத்தியிருந்தான். ஜெமீலின் தலையில் அந்தத் தொப்பியைக் கண்டதும் தரையைப் பார்த்தான்.

சுற்றிவர நெல் மூடைகளில் துவக்குகளோடு பச்சை உடுப்புக்காரர் இருந்தார்கள். ஜெமீல் கறுப்புக் கண்ணாடியைப் போட்டான். உலகம் மங்கியது, அது உதவியாக இருந்தது. கதவில்லாத இடத்தில் கதவைத் திறந்து உள்ளே வந்தான். இல்லாத சுவரில் காது வைத்தான். வெறுங்கைப் பூதக்கண்ணாடியால் தன் சப்பாத்தையே ஆராய்ந்து, எதிரியின் காலடி என்று கண்டுபிடித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது.

இனி டொக்டர் கருவாட்டின் சிரிப்பு.

கிறிஸ்ரோபர் வாயைத் திறந்தான். மூச்சை இழுத்தபோது விலா குத்தியது போல, அப்படியே மடங்கினான். வந்தது முனகல்தான். மீண்டும் முயன்றான். கண்ணீர் வந்தது, சிரிப்பு வரவில்லை.

"இவன் நடிகன்?" என்றார் அதிகாரி.

பொய் சொல்கிறவனைக் கண்டுகொண்ட குரல் அது. இவனை உள்ளே கொண்டுபோனால் இனி ஆளாகக் காண முடியாது என்று ஜெமீலுக்கு விளங்கியது. இப்படி உள்ளே போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? அவன் நெல் மூடைகளை நோக்கி ஓடினான். பயத்தில் ஓடினானா நடிப்பில் ஓடினானா என்று அவனுக்கே தெரியாது. மூடையில் சாய்ந்தான். சாய்ந்ததும் உடம்பு முழுவதும் ஆட, மூடையையும் பிடித்து ஆட்டினான். மலை விழப் போகிறது, மட்டை மலை. இரு கைகளாலும் தாங்கிப் பிடித்து, ஒன்றும் நடக்காதது மாதிரி சபையைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அதிகாரியின் வாய் கோணியது. பிறகு, வெளியே தள்ளியது போல, ஒரு சிரிப்பு வந்தது.

"மலை ஆடும்," என்றார். தன் ஆட்களிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு ஜெமீலிடம், தங்கள் ஊர்த் தியேட்டரிலும் அப்படித்தான், குகைக்குள் மலை ஆடும் என்றார். பாடசாலைக்குக் கள்ளமடித்துப் படத்துக்குப் போவார்களாம். எழும்பி, துப்பாக்கிப் பட்டியோடு, செத்து விழுகிற அடியாள் மாதிரி நடித்தும் காட்டினார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சில நிமிடங்கள் அவர் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஜெமீல் அவரை வெறுத்தான், அதே சமயம் அந்தப் பையனை அவனுக்குத் தெரியும், கலரியில் பக்கத்தில் இருந்தவன் மாதிரி.

சிரிப்பு ஆறுவதற்குள் செய்ய வேண்டும். அவர்களுடைய நாடகத்தில் திரை விழுவதில்லை. ஏஜன்ட் பத்தரை வில்லனின் கையைப் பிடித்துச் சபைக்கு நடுவால் நடந்து மண்டபத்தை விட்டே போய்விடுவான், அதுதான் முடிவு. ஜெமீல் கிறிஸ்ரோபரின் கையைப் பிடித்தான்.

"உலகம் தப்பியது. வழி விடுங்கள்."

நடந்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் காலை மடக்கி வழி விட்டான். நெல் காயவிடும் களம் முழுவதும் வெயில். கிறிஸ்ரோபரின் பாரம் முழுக்க ஜெமீலின் தோளில். கேற்றில் நின்றவன் இது நாடகமா என்று தெரியாமல் அவர்களுக்கு மேலால் அதிகாரியைப் பார்த்தான்.

"நில்லு," என்றார் அதிகாரி பின்னாலிருந்து.

நின்றார்கள்.

"அவனை எங்க கொண்டுபோற? நாடகத்தில."

இதை யாரும் கேட்டதில்லை. ஜெமீல் உண்மையைச் சொன்னான். "தேத்தண்ணி குடிக்கப் போவம் சேர். ரெண்டு பேரும். பூசின முகத்தோட."

அதிகாரி கேற்றடிக்கு வந்தார். வாற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பெரியவர் வருகிறார், அவரும் இதைப் பார்க்க வேண்டும் என்றார். "ரெண்டு பேரும் வரணும். பெட்டி இஞ்ச இருக்கும்." பிறகு கேற்றுக்காரனுக்குக் கையைக் காட்டினார்.

செசிலி சந்தி மரத்தடியில் நின்றாள். கிறிஸ்ரோபரை அங்கே இருத்தினார்கள். ஞாயிறு வந்து நடித்தாலும் தனக்கு அந்தச் சிரிப்பு வராது, வராவிட்டால் விட மாட்டார்கள் என்று அவனே சொன்னான். ஜெமீல் அதை ஏற்கெனவே யோசித்திருந்தான். செசிலியின் அண்ணன் மன்னாரில் இருந்தார். நாளைக்கே குடும்பத்தோடு போகச் சொன்னான்.

"அப்ப நீ, மச்சான்?"

"நான் தனியச் செய்வன்."

"சிரிப்பு உனக்கு ஒருநாளும் வரல்லியே." கிறிஸ்ரோபர் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான். "தொண்டையால சிரிக்காத. வயித்துக்குள்ள இருந்து இழு."

அடுத்த நாள் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது.

அந்தக் கிழமை முழுவதும் றாஹிலா கொல்லைப் பக்கமிருந்து அவன் சிரிப்பதைக் கேட்டாள். ஒரு நாள் இருமல் மாதிரி இருந்தது, ஒரு நாள் நாய் ஊளையிடுவது மாதிரி. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோருமே அக்கரைப்பற்றுக்குப் போய்விடுவோம் என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் போனால் மன்னார் வரை தேடுவார்கள் என்று அவன் சொன்னான். ஞாயிறு காலையில் எலி கடித்த இடத்துக்குக் கறுப்புத் துணித் துண்டு வைத்துத் தொப்பியைத் தைத்துக் கொடுத்தாள். 

முகாம் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். களத்தில் பெரியவர் இருந்து பார்க்கக் கதிரைகள் போட்டிருந்தார்கள். அதிகாரி வெளியே வந்து அவனுக்குப் பின்னால் வெறும் வீதியைப் பார்த்தார்.

"மற்றவன் எங்க?"

ஜெமீல் தொப்பியைத் தலையில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து, அதே கறுப்புத் துணியில் வெட்டிய டொக்டர் கருவாட்டின் ஒற்றைக்கண் மறைப்பை எடுத்து இடது கண்ணில் கட்டினான். வயிற்றுக்குள் இருந்து மூச்சை இழுத்தான்.

"ரெண்டு பேரும் வந்திட்டம் சேர்."