படத்தின் கீழ் வேறொருவன் பெயர்

எமிலியா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகள் ஷானிகா கைபேசியோடு வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் இதப் பாருங்க. கிழக்குக் கடக்கரையில வாடி போட்டுத் தங்கி மீன் தொழில் செஞ்ச ஆக்கள்ட படமெல்லாம் இருக்கு."

நம் நாட்டு யுத்தத்தைப் பற்றிப் படிக்கிறவர்களுக்காக யாரோ இணையத்தில் ஓர் ஆவணகம் திறந்து வைத்திருந்தார்கள். பழைய பத்திரிகை, கடிதம், குரல் பதிவு, படம் என்று சண்டைக் காலத்து மிச்சமெல்லாம் அதற்குள் கிடந்தது. பல்கலைக்கழகக் கட்டுரை ஒன்றுக்காக ஷானிகா நாலைந்து நாளாக அதிலேயே குடியிருந்தாள்.

எமிலியா கையை உதறிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கடற்கரை மணல். வெயிலில் வரிசை வரிசையாக உட்கார வைக்கப்பட்ட இளைஞர்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் செருப்பைக் கழற்றி, தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

தலவில தேவாலயத் திருவிழாவில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு சுடுமணலில் வீடு வந்தவன் அவன். அதன்பிறகு கோயிலில் பூசை நேரத்தில்கூட அப்படித்தான் உட்காருவான். எமிலியாவின் தம்பி றெஜினோல்ட். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் கிழக்குக் கரைக்குக் கரைவலை இழுக்கப் போனான். அங்கே நடந்த சுற்றிவளைப்பில் படையினர் அள்ளிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். பிறகு ஒரு தகவலும் இல்லை.

படத்தின் கீழே எழுதியிருந்ததை ஷானிகா வாசித்தாள். "முருகேசு சிவனேசன், உடப்பு. இவரைப் பற்றி மேலும் அறிந்தவர்கள் எங்களுக்குத் தெரிவியுங்கள்."

"ஆரெண்டு தெரியாது," என்றாள் எமிலியா.

யாரும் அவளிடம் கேட்கவில்லை, பாருங்கள். தானாக வந்தது அந்தச் சொல். தம்பி காணாமற்போன கையோடு படங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஆட்கள் வந்தார்கள். இவன் யார், அவன் யார் என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். சந்தியில் நின்ற ஜீப்பில், முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை அசைக்கிறானோ, அந்த மனிதன் வீடு திரும்ப மாட்டான். எமிலியாவின் தாய் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லைப் பழக்கிவிட்டாள். தெரியாது. அதனால்தான் மாமனின் முகமே ஷானிகாவுக்குத் தெரியாது.

எமிலியா திரும்பவும் கருவாட்டின் பக்கம் போனாள். புரட்டியதையே மறுபடி புரட்டினாள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறவர்கள் நல்லவர்களாக இருக்க முடியுமா? அப்போது வாசலுக்கு வந்தார்கள், இப்போது கைபேசிக்குள்ளால் வருகிறார்கள். அதிலும் அந்தப் பிழையான பெயர்! வேண்டுமென்றே வைத்த இரையாக இருக்கும். பெயரை மாற்றிப் போட்டால், பெற்ற வயிறோ கூடப்பிறந்ததோ பொறுக்கமாட்டாமல் 'இது எங்கட ஆள்' என்று வாயைத் திறக்கும். திறந்தால் பிடி.

ஆனால் இரை என்று தெரிந்தும் மனம் அதையே சுற்றியது. றெஜினோல்ட் இருந்ததற்குச் சாட்சியாக உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு படம்தான். அதிலும் அவன் வேறு யாரோவாக இருந்தான்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, அது தன் தம்பி என்று மகளிடம் சொல்லிவிட்டாள். ஷானிகா ஆவணகத்தின் தொலைபேசி எண்ணைத் தேடினாள். பிறகு, "எடுத்துக் கேப்பமா?" என்றாள்.

"என்ட நம்பரில வேணாம்."

"உங்கட நம்பரை வச்சு அவங்க என்னம்மா செய்யப்போறாங்க? கருவாடு ஓடர் பண்ணவா?"

"உனக்குச் சிரிப்பு. உன்ட வயசில நாங்க சிரிக்கல்ல."

ஷானிகாவின் எண்ணிலிருந்தே எடுத்தார்கள். மறுமுனையில் கோசலா என்று ஒரு பெண் பேசினாள். படங்களோடு ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேர்ப்பது அவள் வேலையாம்.

"அந்த உடப்புப் பேரைத் தந்தது ஆரு?" எமிலியா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அத நாங்க சொல்றதில்ல அம்மா. நீங்க ஒண்டு சொன்னாலும், நீங்கதான் சொன்னீங்கெண்டு உங்க அனுமதியில்லாம வெளிய வராது."

"அப்ப பிழையாச் சொன்னவங்களுக்கும் காவல் நீதானோ?"

"பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா?"

எமிலியா பட்டென்று கைபேசியை மகளின் மடியில் போட்டாள். "பாத்தியா! எப்பிடி இழுக்கிறாள் பாத்தியா!"

அந்தப் பெயரைச் சொன்னது யாரென்று நேரில் பார்த்துவிட, அடுத்த நாள் காலையில் தாயும் மகளும் நுரைச்சோலையில் பஸ் ஏறி, பாலாவியில் மாறி, உடப்பில் போய் இறங்கினார்கள். கோயிலடியில் விசாரித்ததும் முருகேசுவின் வீட்டைக் காட்டினார்கள். முருகேசு செத்துப் பல காலம். மனைவி பவளம் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்து தாண்டிய உடம்பு. கண் மட்டும் கூர்.

"ஆரு நீங்க? அரசாங்கக் கச்சேரியால வாறீங்களா?"

"இல்ல, நாங்க நுரைச்சோலை."

"நுரைச்சோலையில இருந்து இங்க என்ன அலுவல்?"

எமிலியா படத்தைக் காட்டினாள். "இது உங்கட மகனா?"

"ஏன் கேக்கிற?"

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"நல்லாயிருக்கு! வந்தவ நீ. நீ முதல்ல சொல்லு."

"ரெண்டு பேரும் ஒராள ஒராள் விசாரிச்சு முடிங்க, நான் வாக்குமூலம் எழுதுறன்," என்றாள் ஷானிகா.

கிழவிக்கு உதடு கொஞ்சம் விரிந்தது. எமிலியாவின் விரல் அந்த முகத்தின்மேலேயே நிற்பதையும் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"உன்ட ஆளா புள்ள?"

"தம்பி."

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்ற கோழியை விரட்டினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்ட மகன் இல்ல. எனக்குத் தெரியும். எவளுக்குத் தன்ட புள்ளையத் தெரியாமப் போகும்? சிவனேசன்ட படம் ஒண்டே ஒண்டுதான் இருந்திச்சு. அவன் காணாமப் போன பிறகு விசாரணையெண்டு வந்தாங்க, நம்பிக் குடுத்தன், படம் திரும்பி வரல்ல. பிறகு கோசலா எண்ட அந்தப் பொட்டை வந்து படங்களக் காட்டினா. சிவனேசன் ஒண்டிலயும் இல்ல. எல்லாருக்கும் ஆராச்சும் பேர் சொல்லியிருந்தாங்க. இவனுக்கு மட்டும் இல்ல. இங்கால முகமில்லாத பேர் ஒண்டு, அங்கால பேரில்லாத முகம் ஒண்டு. சேத்து வச்சன்."

"இன்னொருத்தி வயித்தில பிறந்தவன், அம்மா!" என்றாள் எமிலியா.

"ஆரும் தேடி வரல்லயே. நாதியத்த பொடியனெண்டு நினைச்சன்."

எமிலியா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது கேட்பதற்கு எத்தனையோ கேள்வி அடுக்கி வைத்திருந்தாள். அவை இனி எதற்கும் உதவாது. கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்க, அவன் நாதியற்றவனாகக் கிடந்திருக்கிறான். தெரியாது, தெரியாது என்று காத்த காவலின் பலன் அதுதான்.

"படத்த எடுத்துக்கொள்ளு," என்றாள் பவளம். "அந்தப் பொட்டையிட்டச் சொல்லு, கிழவி பொய் சொன்னாளெண்டு. என்ட பொடியன் பிறகு எங்கயும் இருக்க மாட்டான். அவ்வளவுதான்."

"படம் இல்லாதவங்களுக்கும் இதில இடம் இருக்கு ஆச்சி," என்று ஷானிகா ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். கீழே ஒரு பெயர்.

பவளம் உதட்டைப் பிதுக்கினாள். "வெறும் பெட்டி. இத ஆரு பாப்பா?"

"நான் பாப்பன்," என்றாள் எமிலியா.

சொன்னபிறகுதான் தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. மகளிடமிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். மறுபடி கோசலா.

"பேர் போட்டா ஆரும் பாக்கலாமா?"

"ஓம் அம்மா. ஆரும் பாக்கலாம்."

"ஜீப்பில வந்த அவங்களும்?"

"அவங்களும்தான் அம்மா. உங்களிட்ட நான் பொய் சொல்லேலாது."

இல்லை, பயமில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் எமிலியா அந்த இடத்திலேயே எழுந்து நடந்திருப்பாள். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. அது கடந்து, சத்தம் முழுக்க ஓயும்வரை வாயைத் திறக்கவில்லை.

"அன்ரனிப்பிள்ளை றெஜினோல்ட்," என்றாள். நெடுங்காலம் வாய்க்குள் கிடந்த பெயர், வெளியே வரும்போது கரகரத்தது. "சொந்த இடம் நுரைச்சோலை."

"சொன்னது ஆரெண்டு போடலாமா அம்மா?"

ஷானிகா தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"போடு. எமிலியா. அக்கா எண்டு போடு."

பிறகு கைபேசியைப் பவளத்தின் பக்கம் நீட்டினாள். பவளம் அதை வாங்கவில்லை, சந்தேகமாகப் பார்த்தாள். எமிலியா எழுந்துபோய், அவள் வாயருகே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க அம்மா. பெட்டிக்குக் கீழ எழுதட்டும். எப்பிடி இருப்பான்?"

பவளம் தொண்டையைச் செருமினாள்.

"கறுப்பு," என்றாள். "நல்ல உயரம். எழுது புள்ள, சிரிச்சா ஒரு கண் மூடிப் போகும்..."