நாலே முக்கால் பிரெட்

டணாரென்று ஒரு சத்தம். சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மெக்கானிக் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். தட்டு கதவோரம் கவிழ்ந்து கிடந்தது. பிரெட் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் சிதறியிருந்தன.

"இது பிரெட்டா? பஞ்சு! தலகாணிக்குள்ள வச்சுத் தைக்கலாம்," என்றாள் மனைவி. போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "மணி என்னங்க?"

"மூணே கால்."

"அப்ப கிளம்புங்க. ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கே, அந்த பேக்கரி. நாலே முக்காலுக்கு அடுப்புலேருந்து எடுப்பாங்க. எனக்குச் சூடா வேணும்."

"ரெண்டு பஸ் மாறணுமே. உன்னைத் தனியா விட்டுட்டு..."

"என்னை யார் தூக்கிட்டுப் போகப் போறா? தூக்கினாலும் முப்பத்தாறு கிலோதான். போங்க!"

முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். மோட்டாரும் கம்பியும் அத்துப்படி. பிரெட்டைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன்புவரை ஒன்றும் தெரியாது. அவளோ பிரெட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். வயிற்றில் கட்டி வந்த பிறகு பாலில் நனைத்த பிரெட் ஒன்றுதான் உள்ளே இறங்கியது. திங்கட்கிழமைக்குள் இரண்டு கிலோ ஏறாவிட்டால் அடுத்த ஊசி கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று வெள்ளி.

தெருமுனை மளிகைக் கடை பிரெட் மூன்று நாள் பழசு என்றாள். சூப்பர் மார்க்கெட் பிரெட்டில் சர்க்கரை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஈஸ்ட் நாற்றம். அவள் குறை சொல்லச் சொல்ல, கடை தூரமாகிக்கொண்டே போனது. அவரும் சளைக்கவில்லை. அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா, அடியில் தட்டினால் டொக்கென்று கேட்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு மணி வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கூடவே இருப்பார்; மூன்று மணிவாக்கில் அவள் விரட்டியதும் கடை கடையாக விசாரிப்பார். ஆறு மணி மாத்திரைக்குச் சரியாகப் பிரெட்டோடு வந்து நிற்பார்.

"வாங்க சார்," என்றார் ஸ்டேஷன் பேக்கரிக்காரர். "நேத்து மாதிரி தடவித் தடவிப் பாக்காதீங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு யோசிக்க மாட்டான்."

"மாப்பிள்ளைக்கு திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு கிலோ ஏத்தணும்னு அவசரமா இருக்கு?"

பேக்கரிக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "இன்னிக்கு உங்களுக்கு நல்ல நேரம் சார். கரண்ட் கட்டுன்னு சொன்னாங்க. சீக்கிரமே எடுத்துட்டேன்."

பிரெட் பொன்னிறமாக இருந்தது. மேல்தோல் மெல்லச் சடசடத்தது. தட்டினார், டொக். மூன்று வாரத்தில் இப்படி ஒன்று கையில் கிடைத்ததில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க மனசு வரவில்லை; ஆட்டோ பிடித்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்ட பிரெட் வயிற்றைச் சுட்டது. இன்னிக்கு ஒரு குறை சொல்லட்டும் பாக்கலாம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு துண்டு முழுசாகத் தின்றால்கூடப் போதும்.

ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறினார். மணி ஐந்துகூட ஆகவில்லை. அவர் வீட்டு டீவி மாடிப்படி அதிர அலறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சத்தமாக வைத்தாலே தலைவலி என்பாளே!

எதிர்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு டேப்போடு, அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்து, கதவை மறைத்து நின்றாள்.

"என்னண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"தள்ளும்மா, சூடு ஆறிடும். டீவி ஏன் இப்படிக் கத்துது?"

அவள் நகரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மத்தியான மாத்திரையோட வேகம் மூணு மணிக்கெல்லாம் விட்டுப்போகுதுண்ணே. தினமும் நீங்க படி இறங்கினதும் என்னைக் கூப்பிட்டு டீவியப் போடச் சொல்லுவாங்க."

அவர் சட்டைக்குள் இருந்த பிரெட்டை இறுக்கிப் பிடித்தார். மேல்தோல் நொறுங்கியது.

"கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு ஆறு மணிக்கே வாங்கண்ணே," என்றாள் அவள். "அக்கா இன்னும் கத்தி முடிக்கல."